தென்றல் நகரில் குடிவந்த இரைச்சல்

திரிசிரா ஏர் கம்பெனியின் ஒரே விமானத்திலிருந்து இரைச்சல் இறங்கிப்போன அன்று திருச்சியில் நல்ல வெயில். பயணிகள் எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை அது கதவோரமாக ஒதுங்கி நின்றது, பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நிதானமாக இறங்கியது, பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் எல்லோரையும்போலக் கொஞ்ச நேரம் காத்து நின்றது, தனக்குப் பெட்டி எதுவும் கிடையாது என்பது நினைவுக்கு வந்ததும் வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் அதை ஆட்டோவின் சத்தம் என்றே நினைத்தார்கள், ஏனென்றால் அந்த ஆட்டோவும் அப்படித்தான் கத்தும். ரன்வே மதிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தென்றல் நகரில் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் நேராகப் பவளக்கொடியின் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்துச் சோபாவில் உட்கார்ந்துவிட்டது. இதில் நாங்கள் வாயைப் பிளக்க ஒன்றும் இல்லை. குடியிருந்த இடத்தைக் காலி செய்ய வைத்தவள் அவள்தான், போக்கிடம் கேட்டு வேறு யாரிடம் போகும்?

பவளக்கொடிக்கு ஆம்னி பஸ்களுக்கு சீட்டும் கூரை மெத்தையும் தைத்துக் கொடுக்கும் பட்டறை இருந்தது. அவள் மெத்தை போட்ட பஸ்ஸில் என்ஜின் சத்தம் டிரைவருக்கே கேட்காது என்றும், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர் அவ்வப்போது கிளீனரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்றும் ஊரில் பேச்சு. அதைக் கேள்விப்பட்டுத்தான் விமானக் கம்பெனியின் என்ஜினியரும் மேனேஜருமான கிருபாகரன் அவளைத் தேடி வந்தார். அது இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். உள்ளே எழும் சத்தத்தில் பயணிகள் காது அடைத்துப்போய் இறங்கி, வீட்டுக்குப் போன பிறகும் மனைவி மக்களிடம் கத்திக் கத்திப் பேசி, வீண் சண்டையாகிக் கொண்டிருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள். இரைச்சல் எங்கே அதிகம் என்று கிருபாகரன் மீட்டர் வைத்துக் கண்டுபிடிப்பார், சுவர் எங்கே நடுங்குகிறது என்று பவளக்கொடி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். தகரம் அதிராமலிருக்க அதன்மேல் கனமான ரப்பர் ஷீட், அதற்குமேல் கம்பளி, பிறகு கொஞ்சம் காற்று நிற்க இடைவெளி, அதற்கப்புறம் விமானத்தின் எலும்பில் எங்கேயும் படாதபடி ரப்பர் வளையங்களில் தொங்கும் உள்சுவர். ஒவ்வொரு பகுதியாக அடைத்துக்கொண்டே வர, இரைச்சலும் ஒவ்வொரு சீட்டாகப் பின்னால் நகர்ந்து, கடைசியில் கழிவறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்தில் ஒடுங்கிக் கிடந்தது. அந்தச் சந்தையும் பவளக்கொடி பசைபோட்டு அடைத்தாள். அடுத்த பயணத்தில் அதற்கு உட்கார இடமில்லாமல் போய், நடைபாதையில் நின்றபடியே திருச்சி வந்து, இறங்கிவிட்டது.

அந்த இரைச்சலின்மேல் அவளுக்குப் பழைய பகை ஒன்று இருந்தது, அது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய கணவர் ஆபத்சகாயம் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒலிபெருக்கியில் அரியலூர், ஜெயங்கொண்டம், துறையூர் என்று ஊர்களை வரிசையாகச் சொல்லி, மக்களை ஏற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு கணீர்க் குரல். வீட்டுக்கு வந்தால் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு எழுத்துத்தான். சாப்பிட வாங்க என்றால் ம். உப்புப் போதுமா என்றால் ம். கல்யாணமான புதிதில் சென்னையில் அண்ணன் வீட்டு விருந்துக்கு இதே விமானத்தில் இரண்டு பேரும் போனார்கள். மேகத்துக்கு மேலே போனதும் தைரியம் வந்து, பவளக்கொடி அவர் காதருகே குனிந்து, "என்னையக் கட்டுனதுல உங்களுக்குச் சந்தோஷந்தானா? ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?" என்று கத்திக் கேட்டுவிட்டாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்களைப் பார்த்தபடி, பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்; ஒரு மனிதன் ஆயுசுக்கும் சேர்த்துவைத்ததை எல்லாம் எடுத்துச் சொல்வதுபோல அவ்வளவு நீளமாகப் பேசினார். காற்றாடிச் சத்தத்தில் அவளுக்கு ஒரு சொல்கூட விழவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஆபத்சகாயம்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ கேட்டுத் தொலைத்தது. அதற்குப் பிறகு அவள் கேட்காத நாளில்லை. அன்னைக்குப் பிளேன்ல என்ன சொன்னீங்க என்று தோசை வார்க்கும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள், பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஒலிபெருக்கி அறையின் ஜன்னலில் தலையை விட்டும் ஒருதரம் கேட்டிருக்கிறாள். அவருக்குச் சத்தியமாக நினைவில்லை. அதை அவள் நம்பவுமில்லை. அவ்வளவு நீளமாகச் சொன்னது எப்படி மறக்கும், சொல்லக்கூடாத எதையோ சொல்லிவிட்டு மறைக்கிறார் என்ற சந்தேகம் வேறு சேர்ந்துகொண்டது. புருஷன் பேசிய ஒரே பேச்சை விழுங்கிய அந்த இரைச்சலை ஒருகை பார்க்காமல் விடுவதில்லை என்றுதான் கிருபாகரன் வந்து கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். இப்போது அது வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறது.

முதல்நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஆபத்சகாயம் கூடத்தைப் பார்த்தார். சோபாவின் நடுவில் ஒரு பெரிய பள்ளம். மேஜைமேல் டம்ளர்கள் நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு நடந்துகொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

"ம்ம்ம்ம்ம்ம்," என்றது இரைச்சல்.

"ம்," என்றார் ஆபத்சகாயம், பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி.

பவளக்கொடி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒன்று போதாதென்று வீட்டில் இப்போது இரண்டு.

நாங்களும் முதலில் முணுமுணுக்கத்தான் செய்தோம், ஆனால் எங்கள் முணுமுணுப்பு எங்களுக்கே கேட்கவில்லை என்பதால் அது நீடிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏறி இறங்கும் விமானங்களைப் பார்த்தே வளர்ந்த நகர் இது; அவை போகிற போக்கில் இரைந்துவிட்டுப் போகும், இது தங்கிவிட்டது, அவ்வளவுதான். சுவர்த் தகராறில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் திட்டுவது கேட்கவேண்டுமே என்று ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துத் திட்டப்போய், அவ்வளவு நெருக்கத்தில் திட்டுவதற்குக் கூச்சமாக இருக்கவே, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். வயிற்றுவலியில் வீறிடும் கைக்குழந்தைகளைப் பவளக்கொடி வீட்டுச் சுவரோரம் கிடத்தினால் அடுத்த நொடியே கண்ணயர்கின்றன என்று கண்டுபிடித்தது எதிர்வீட்டுப் பாத்திமுத்து. அதற்குப் பிறகு அந்தச் சுற்றுச்சுவரின் கம்பிகளில் எந்நேரமும் தூளிகள் வரிசையாகத் தொங்கின. கோபித்துக்கொண்ட ஆள் வந்து தங்கியிருக்கும் வீட்டில் எப்படிப் பக்குவமாக நடந்துகொள்வோமோ அப்படி, பவளக்கொடியும் மூன்றாவதாக ஒரு டம்ளர் காபி கலந்து சோபாவுக்கு முன்னால் வைக்க ஆரம்பித்தாள். காபி குறையாது. ஆனால் வைக்காவிட்டால் அன்று கண்ணாடிகள் கூடுதலாகக் கிடுகிடுக்கும்.

அப்புறந்தான் அது விழுங்கியவற்றைக் கக்க ஆரம்பித்தது. டீக்கடை செபஸ்தியான் ஒரு பகல்வேளையில் பவளக்கொடி கேட்ட பன்ரொட்டியைக் கொடுக்க வந்தவர், கூடத்தில் நின்றபடியே மச்சானைப் பற்றிப் பேச்சு வந்து, "நம்ம மரியலூயிஸ் இருக்கான் பாரு," என்று ஆரம்பித்தார். இரைச்சல் சட்டென்று தணிந்தது. அந்த அமைதிக்குள்ளிருந்து மரியலூயிஸின் குரல், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னைக்குப் போகும் விமானத்தில் பக்கத்துச் சீட்டிலிருந்து சொன்னது, தெளிவாகக் கேட்டது: "மாமா, தப்பா நெனக்காதீங்க, உங்க டீயில சக்கரையத் தவிர ஒண்ணுமே தெரியல." செபஸ்தியான் அன்றைக்கு அது கேட்காமல், நல்லதாக ஏதோ சொல்கிறான் என்று மச்சான் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார். இப்போது பன்ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குப் போனவர், அன்று மாலையிலிருந்து தூளைக் கூட்டிப் போட்டார். தென்றல் நகருக்கு முதல்முறையாக நல்ல டீ கிடைத்தது.

அந்த விமானத்தில் யார் யாரிடமெல்லாம் பேசி, மற்றவருக்குக் கேட்காமல், என்ன என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று பதில் வந்ததோ, அந்தப் பேச்செல்லாம் இரைச்சலுக்குள் பத்திரமாக இருந்தது. கேட்டு வாங்கும் முறையும் சீக்கிரமே பிடிபட்டது. யாரிடம் சொல்லப்பட்டதோ அவர்தான் வரவேண்டும். சொன்னவருடைய பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். பெயர் சொல்லாமல் கேட்டால் அது குழம்பிப்போய் யாருடையதையாவது எடுத்து நீட்டிவிடும். வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் ஒருவர் வந்து தன் உதவியாளர் பெயரைச் சொன்னார். "ஐயா, வேட்டில சாம்பார் கொட்டிருக்கு, எறங்குன ஒடனே மாத்திருங்க," என்று வந்தது. அந்தப் பயணத்தில் தான் போன இடத்தில் ஏன் எல்லோரும் தன்னைப் பார்த்து அவ்வளவு மலர்ந்த முகமாக இருந்தார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பாத்திமுத்து தன் மகன் ஜமாலின் பெயரைச் சொல்ல ரொம்ப நாள் யோசித்தாள். வெளிநாட்டு வேலைக்கு அவன் முதன்முதலாகப் போனபோது சென்னைவரை கூடப் போயிருந்தாள். பெயரைச் சொன்னதும், இன்னும் முழுதாக மீசை முளைக்காத குரலில் அவன் சொன்னான்: "அம்மா, நான் போகலம்மா. பயமா இருக்கு. நம்ம வீட்டுக்கே போயிரலாம்."

"ஐயோ, நான் சரி சரின்னு தலைய ஆட்டுனேனே!" என்று பாத்திமுத்து மார்பில் அடித்துக்கொண்டாள். உடனே அவனுக்குப் போன் போட்டு அழுதாள். அந்தப் பக்கம் ஜமால் சிரித்தான். "நீ தலையாட்டுனதப் பாத்து, சரி திரும்பப் போறோம்னு நெனச்சேன்மா. அப்புறம் நீயே உள்ளாரத் தள்ளிவிட்டுட்டே. இப்ப எனக்குக் கீழ நாப்பது பேரு வேலை பாக்குறான், அழுவாதே," என்றான். ஆனாலும் அந்த ரம்ஜானுக்கு விடுப்பெடுத்து ஊருக்கு வந்துவிட்டுப் போனான். அதுவரை வரும் வருஷம், வரும் வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

பவளக்கொடி மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பேச்சு அவளுடைய வீட்டிலேயே, அவளுடைய சோபாவிலேயே இருந்தது. புருஷன் பெயரைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதுதான் அவளுக்கு வாயில் வராது. பட்டறையில் வேலை செய்யும் ஆட்களை அதட்டுகிறவள், லாரிக்காரர்களோடு நடுரோட்டில் மல்லுக்கு நிற்கிறவள், புருஷனைக் கூப்பிட மட்டும் ஏங்க என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. சாமி குத்தம் என்று நினைத்தெல்லாம் இல்லை. ஆரம்பத்தில் வெட்கத்தில் சொல்லவில்லை, அப்புறம் இத்தனை நாள் சொல்லாததை இப்போது போய் எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை, அப்படியே நாக்கு அந்தப் பக்கம் திரும்பவே மறந்துவிட்டது. தன்னுடைய போனில்கூட அவரைப் பஸ் ஸ்டாண்டு என்றுதான் பதிந்துவைத்திருந்தாள்.

அதனால் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சோபாவுக்கு முன்னால் நின்று, "ஏங்க, அன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். இரைச்சல் தணிந்து யோசிக்கும். ஏங்க என்று கூப்பிடும் மனைவிமார்கள் அந்த விமானத்தில் கொஞ்சநஞ்சமா ஏறியிருக்கிறார்கள்?

"கேஸை மூடுனியா?" என்று கேட்கும் ஒரு தடித்த குரல்.

"அது இல்ல, இவுக சொன்னது."

"கேஸை மூடுனியான்னு கேட்டேன்," என்னும் இன்னொரு குரல், இது மெல்லிசு.

"பூட்டை இழுத்துப் பாத்தியா?" என்னும் மற்றொன்று.

மேகத்துக்கு மேலே, கீழே காவேரி வெள்ளிக் கம்பியாகத் தெரியும் உயரத்தில், தமிழ்நாட்டுக் கணவன்மார்கள் மனைவியின் காதோரம் குனிந்து சொன்னதெல்லாம் பெரும்பாலும் கேஸும் பூட்டும் மோட்டார் சுவிட்சுந்தான் என்பது பவளக்கொடிக்கு மெல்ல மெல்லத் தெரியவந்தது. அப்போதுதான் அவளுக்குள் புதிதாக ஒரு பயம் புகுந்தது. அதைப் பாத்திமுத்துவிடம் மட்டும் சொன்னாள்.

"ஏக்கா, இவுக சொன்னதும் கேஸை மூடுனியான்னுதான் இருந்துச்சுன்னா?"

"அவ்வளவு நேரமா பேசுனாருன்னு சொன்னியே புள்ள?"

"கேஸு, பூட்டு, மோட்டாரு, பால்காரருக்குச் சொன்னது, எல்லாத்தையும் சேத்துச் சொல்லிருந்தா அவ்வளவு நேரம் ஆகுமேக்கா."

பாத்திமுத்து உடனே எழுந்தாள். நானே கேட்டுத் தரேன் என்று போய், "எங்க ஆபத்சகாயம் அண்ணன் என்னதான் சொன்னாரு?" என்று கேட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சொன்னதில்லை என்பதால் அது வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையே அங்கே மேலே விமானத்தின் நிலைமை சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாத விமானம் என்று பேப்பரிலெல்லாம் வந்து, கிருபாகரனுக்கு ஒரு கேடயமும் கிடைத்து, சீட் கிடைக்காமல் கூட்டம் அலைமோதியது உண்மைதான். ஆனால் ஏறியவர்கள் இரண்டாம் முறை ஏறவில்லை. உள்ளே ஊசி விழுந்தால் கேட்டது. ஊசி மட்டுமா? ஒருவர் முறுக்கைக் கடித்தால் விமானம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் வயிறு கூப்பிட்டால் அது எந்தப் பக்கத்து வயிறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாருமாக நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கக் கிளம்பியவர்கள், முன்சீட்டில் குசுகுசுத்தது பின்சீட்டில் விழுந்து, விழுப்புரம் தாண்டுவதற்குள் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒருநாள் விமானி தன் அறைக்குள் உட்கார்ந்து எதற்கோ அடடா என்றார். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டதற்காகச் சொன்ன அடடா அது. பின்னால் இருந்தவர்கள் கந்தசஷ்டி கவசமும் பரமண்டல ஜெபமும் சொல்ல ஆரம்பித்து, தரையிறங்கும்வரை நிறுத்தவில்லை. கடைசியில் பேசவும் பயந்து, பொட்டலம் பிரிக்கவும் பயந்து, மூச்சை அடக்கியபடி ஏழெட்டுப் பேர் மட்டும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கிருபாகரன் ரப்பர் ஷீட்டுகளைப் பிய்த்துப் பார்த்தார். காற்றாடி சுற்றியது, தகரம் நடுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதுதான் இங்கே காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே! தேடி வந்து, கூடத்தில் நின்று, கைகளைக் கூப்பினார்.

"வந்துரு. கம்பெனி மூடிருவாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி அந்தச் சந்த மட்டுமில்ல, றெக்கைக்கு நேரா இருக்க எடத்தையும் ஒனக்கே விட்டுர்றேன்," என்றார்.

இரைச்சல் அசையவில்லை. டம்ளர்கள் மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்தன.

"என்ன சார் நீங்க, கூப்புடுற மாதிரியா கூப்புடுறீங்க?" என்றாள் வாசலில் நின்ற பாத்திமுத்து. "கோவிச்சுக்கிட்டு வந்து ஒக்காந்திருக்கு. தீபாவளிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ளைய உங்க வீட்டுல வாடான்னா கூப்புடுவீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் கம்பெனிச் சீருடையோடு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு வேட்டி துண்டு வைத்து, இரண்டு விமானப் பணிப்பெண்களும் பக்கத்தில் நிற்க, முறைப்படி அழைத்தார். டம்ளர்கள் நின்றன. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அப்படியானால் நாளைக்கே கிளம்பலாம் என்று கிருபாகரன் பரபரக்க, நாளைக்கு அஷ்டமி என்றார் செபஸ்தியான், அவர் மாதாகோயில்காரர் என்றாலும் கடைக் காலண்டரைப் பார்த்து ஊருக்கே நாள் சொல்கிறவர் அவர்தான். அதற்கடுத்த நாள் நவமி. தசமியன்று காலை நல்ல நேரத்தில் அனுப்புவது என்று முடிவானது. அஷ்டமியிலும் நவமியிலும் விமானம் சும்மா நின்றது.

பவளக்கொடிக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் அவள் பட்டறைக்குப் போகவில்லை. சோபாவுக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறப்பாள். ஆ என்று ஆரம்பிப்பாள். அது கொட்டாவியாகப் போய் முடியும். அது போய்விட்டால் அவர் சொன்னதும் போய்விடும். அது போவதற்குள் கேட்டு, அவர் சொன்னது கேஸை மூடுனியா என்றிருந்தால், இத்தனை வருஷமாக அவள் மனதில் வைத்துக் காப்பாற்றிவந்ததும் போய்விடும். எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாவம், அவள் கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்ததைப் பார்க்க எங்களுக்கே சங்கடமாக இருந்தது. ஆபத்சகாயம் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். என்னவோ கேட்க வந்தார். ம் என்று மட்டும் வந்தது.

தசமி காலையில் தெருவே திரண்டுவிட்டது. வாசலில் பெரிய கோலம். மதிலோரம் கம்பெனி வேன் கதவைத் திறந்துவைத்து நின்றது. கைக்குழந்தைக்காரிகள் இனி எங்கே போவது என்ற கவலையோடு தூளிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் சோபாவைவிட்டு எழுந்தது, பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது. கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசற்படியில் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு பவளக்கொடி எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் வாழைத்தார் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஆபத்சகாயம் நின்றார். ஆரத்தி சுற்றியாயிற்று. பொட்டு வைக்க அதற்கு நெற்றி எங்கே என்று தெரியாததால் காற்றில் வைத்தாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வழியை விடவேண்டியதுதான். அவள் வழியை விடவில்லை.

"நேரம் போகுதும்மா," என்றார் கிருபாகரன்.

பவளக்கொடி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆபத்சகாயம்!" என்று கத்தினாள். "அன்னைக்கு நீ என்னதான் சொன்ன?"

பெயரை மட்டும் சொல்லியிருந்தால் போதும், அவ்வளவு நாள் அடக்கிவைத்த வேகத்தில் மரியாதையும் சேர்ந்து பறந்துவிட்டது. வாழைத்தார் தொப்பென்று கீழே விழுந்தது. "ம்?" என்றார் ஆபத்சகாயம்.

இரைச்சல் நின்றது. தணியவில்லை, அடியோடு நின்றது. தென்றல் நகரில் காக்கை இறகு உதறும் சத்தம் கேட்டது. அந்த அமைதியில், பஸ் ஸ்டாண்டில் நாங்கள் தினமும் கேட்கிற அதே கணீர்க் குரல், ஆனால் இளையதாகவும் சற்றுத் தடுமாறியும், எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"கேஸை மூடிட்டேன்."

பவளக்கொடி கண்களைத் திறந்தாள். பாத்திமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பூட்டையும் ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டேன். வேற கவலை ஒண்ணும் இல்ல, அதனால இப்ப நிம்மதியாச் சொல்றேன் கேளு. நாள் பூரா மைக்குல ஏறுங்க, கெளம்புங்க, போங்க, போங்கன்னு ஊரையே தொரத்திக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்து ஒம் பக்கத்துல ஒக்காந்தா, யாரையும் எங்கயும் அனுப்ப வேணாம், நானும் எங்கயும் போவ வேணாம், வரவேண்டிய எடத்துக்கு வந்துட்டோம்னு இருக்கு. அந்த நெனப்புல வாய் தானா மூடிக்குது. அதக் கோவம்னு எடுத்துக்காத. எனக்கு ரொம்பச் சந்தோஷம் பவளம். நான் ம்னு சொல்றப்பல்லாம் இதத்தான் சொல்றேன்னு வச்சுக்க."

கிருபாகரன் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். செபஸ்தியான் மூக்கை உறிஞ்சினார், தூசி என்றார். பவளக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், பிறகு புருஷன் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய்யைச் சொன்னாள்.

"என்ன சொன்னீங்க? சரியா காதுல விழல."

ஆபத்சகாயம் தொண்டையைக் கனைத்தார். நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கினோம். அவர் வாயைத் திறந்த அந்த நொடி பார்த்து இரைச்சல் மறுபடி கிளம்பியது, காற்றாடி இரண்டும் முழுவேகத்தில் சுற்றுகிறாற்போல, எங்களைச் சுற்றிலும், அவர்கள் இருவரைச் சுற்றிலும். அவர் அவள் காதோரம் குனிந்து பேசுவது தெரிந்தது. பேசினார், பேசினார், முதல்முறையைவிட நீளமாகப் பேசினார். அவள் முகம் சிவந்தது, சிரித்தது, அவர் தோளில் ஒரு அடி விழுந்தது. எங்களுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்த இரைச்சல் அப்புறம் நிதானமாகப் படியிறங்கி வேனில் ஏறி, விமானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மதியப் பயணத்திலேயே முறுக்குக்காரர்களும் சம்பந்தி வீட்டார்களும் நிம்மதியாகக் கத்திப் பேசிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி.

வேன் திரும்பி மறைந்ததும் பாத்திமுத்து பொறுக்கமாட்டாமல் ஓடிவந்து பவளக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன புள்ள சொன்னாரு?"

பவளக்கொடி கீழே கிடந்த வாழைத்தாரைப் பார்த்தாள், தெருவையெல்லாம் பார்த்தாள், வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்த புருஷனின் முதுகைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றாள்.